ஒன்றாம் தேதியில் தொடங்காத வீடு: செலவுக் கணக்குச் செயலியோடு என் அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் தோழியின் மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. "அக்கா, உங்கள் பிள்ளைகள் வைத்திருக்கிற செலவுக் கணக்குச் செயலி இப்போது பாதி விலைக்கு வருகிறதாம். மகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். அது எந்தச் செயலி என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை.

கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். இந்தச் செயலியின் கணக்கில் மாதம் என்றால் ஒன்றாம் தேதி தொடங்கி முப்பதில் முடிவது. எங்கள் வீட்டில் எதுவுமே ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. மகளுக்கு 25ஆம் தேதி சம்பளம். மகன் வேலை செய்யும் பட்டறையில் மாதம் முடிந்து 7ஆம் தேதிதான் பணம் கைக்கு வரும். அதில் தவறு சொல்ல முடியாது. சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றுதான் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. மின்கட்டணம் மீட்டர் படிக்கும் நாளைப் பொறுத்து வரும். மகள் ரயிலுக்கு எடுக்கும் மை50 பயண அட்டை, 50 ரிங்கிட், தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குச் செல்லும். 31 நாள் மாதங்களில் அது ஒவ்வொரு நாளாக முன்னே நகர்ந்துவிடும். இப்படி ஒவ்வொன்றும் தன் போக்கில் வர, செயலி மட்டும் ஒன்றாம் தேதியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

பணம் கட்டினால் மாதத்தின் தொடக்க நாளை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டினோம். மாற்றவும் முடிந்தது. ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒரே நாள்தான். 25 என்று வைத்தால் மகன் இரண்டு வாரம் சிவப்பில் நிற்கிறான். 7 என்று வைத்தால் மகளின் சம்பளம் மாதக் கடைசியில் வந்து விழுகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் பெரிய மிச்சம்போலப் பச்சையில் மின்னிவிட்டு, 7ஆம் தேதி காலையில் காணாமல் போய்விடுகிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் பலமுறை எழுதினோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை.

இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பல ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது சின்னக் குறைதான். எந்தப் பணம் எதற்கென்று மனத்தில் ஒரு நாள்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். திரை என்ன காட்டினாலும் அவர்களை ஏமாற்ற முடியாது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை திரையைத்தான் நம்புகிறது. கற்றுக்கொடுக்க வந்த கருவியே பிழையாகக் கற்றுக்கொடுத்தால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

2025 தீபாவளியில் இது நன்றாகத் தெரிந்தது. அக்டோபர் 20ஆம் தேதி பண்டிகை என்பதால் மகளின் நிறுவனம் 15ஆம் தேதியே சம்பளம் போட்டுவிட்டது. நல்ல மனிதர்கள், வாழ்க. ஆனால் அடுத்த சம்பளம் நவம்பர் 25. இடையில் 41 நாள். அப்போது செயலியில் தொடக்க நாளை 25 என்று வைத்திருந்தோம். செப்டம்பர் 25இல் வந்த சம்பளமும் அக்டோபர் 15இல் வந்த சம்பளமும் ஒரே மாதத்துக்குள் விழுந்தன. வருமானம் இரட்டிப்பு! உணவுக்கு, உடைக்கு, பொழுதுபோக்குக்கு என்று எல்லாப் பட்டைகளும் தாமாகவே நீண்டு பச்சையாகிவிட்டன. மஸ்ஜிட் இந்தியா சாலைக் கடையில் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கைப்பேசியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். "பாருங்கள் அம்மா, இன்னும் எவ்வளவு இருக்கிறது!" திரையில் அப்படித்தான் இருந்தது. அக்டோபர் 25 அன்று புது மாதம் பிறந்தது. வருமானம்: சுழியம். அந்தச் சிவப்புத் திரையை நவம்பர் 24 வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊதாரி இல்லை. திரை சொன்னதைக் கேட்டு நடந்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதிக் கணக்கை மூன்றாகப் பிரித்து, சந்தாவில் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் போடுகிறார்கள். அதிலிருந்து மகன் ஒரு தொகை எடுத்தபோது, செயலி அதையும் "வருமானம்" என்று பச்சையில் சேர்த்துவிட்டது. சொந்தச் சேமிப்பை உடைத்து எடுத்தது எப்படி வருமானமாகும்?

வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது விழுக்காடு விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கு என்று செயலி தானாகவே ஒரு பங்கீடு போட்டுத் தருகிறது. பெற்றோர் வீட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு அது ஓரளவு ஒத்துவரும். அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு வராது. சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'பெலாஞ்சாவான்கு' என்ற குடும்பச் செலவு வழிகாட்டி, கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் போக்குவரத்தில் போய்வரும் தனி ஆளுக்கே மாதம் 1,870 ரிங்கிட் வேண்டும் என்றது. 3,000 ரிங்கிட் சம்பளத்தில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் போய்விடும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் வேறு. கைக்கு வருவதில் பாதி 1,350ஐக்கூட எட்டாது. அந்தப் பிள்ளை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் செயலி அதற்குத் தோல்வி மதிப்பெண்தான் போடும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அது கொஞ்சமில்லை.

வீட்டுச் செலவை நால்வரும் ஒரே பக்கத்தில் எழுதலாம், ஒவ்வொரு வரிக்குக் கீழும் குறிப்புப் போடலாம் என்ற அந்த ஓர் ஏற்பாடு எங்கள் வீட்டையே மாற்றியது. முன்பெல்லாம் எரிவாயு தீர்ந்தால் நான் கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்வேன், உருளை வரும். பிள்ளைகளுக்கு அது தண்ணீர்க் குழாய்போலத் தானாக வருகிற ஒன்று. செயலி வந்த பிறகு அந்த வேலையை மகன் எடுத்துக்கொண்டான். 14 கிலோ உருளைக்கு அரசு வைத்த விலை 26 ரிங்கிட் 60 சென், வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதினான். புது உருளை வந்ததும் அதன் தோளில் மார்க்கர் பேனாவால் தேதி போட ஆரம்பித்தான். நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் கொண்டைக்கடலையை ஊறவைக்காமல் நேரே அடுப்பில் ஏற்றப் போன அக்காளைத் தடுத்து, "இரவே ஊறப்போட்டிருந்தால் பாதி நேரத்தில் வெந்துவிடுமே" என்றான். சமையலறைப் பக்கமே வராத பிள்ளை!

மகளும் அப்படித்தான். எனக்கு மாதா மாதம் கொடுக்கும் பணத்தைச் செயலி "பரிசு" என்ற தலைப்பில் போட்டபோது, அதை அழித்துவிட்டு "வீட்டுக்கு" என்று புதுத் தலைப்பு வைத்து, பட்டியலில் முதல் வரியாக நகர்த்தினாள். அன்று முதல் மாதத்துக்கு ஒரு மாலை, சாப்பாட்டு மேசையிலேயே கணக்குப் பார்க்கிறோம். என் பெற்றோர் என்னிடம் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒருநாளும் பேசியதில்லை. என் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். இதற்காக நான் அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு மனமார நன்றி சொல்வேன்.

ஆனாலும் புதுப்பிக்கப் போவதில்லை. பாதி விலையென்றாலும் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நியாயமாகக் கூட்டிப் பார்த்தால் நான்கு வரும் என்று மகள் சண்டைக்கு வருகிறாள். வரட்டும். அந்த 41 நாளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

தோழிக்கு என் பதில் இதுதான். மகளின் முதல் சம்பளச் சீட்டு வரட்டும். கைக்கு வரும் தொகையையும் வரும் தேதியையும் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியிலிருந்து அடுத்த சம்பளம் வரை ஒரு தாளில் எழுதிப் பழகட்டும். யாராவது உட்கார்ந்து விளக்கினால் நல்லது என்று தோன்றினால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை முகமை இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, கடனில் சிக்கியவர்களுக்கு மட்டும் என்றில்லை, பணத்தைக் கையாளும் ஆலோசனையும் இலவசமாகத் தருகிறார்கள். அதற்குப் பிறகும் செயலி வேண்டுமென்றால் இலவசப் பதிப்பே போதும். அவளுக்கு ஒரே சம்பளம், ஒரே தேதி. கூட்டல் கழித்தலைக் கையால் சரிசெய்துகொள்ளலாம்.

எங்கள் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. மகன் தன் பணத்தில் தொடர்வதாகச் சொல்கிறான். அது அவன் விருப்பம். நான் அதற்குள் "வீட்டுக்கு" என்ற தலைப்பில் உள்ள எல்லா வரிகளையும் குறிப்புகளோடு இறக்கி, அச்சடித்து, கோப்பில் போட்டு வைக்கிறேன்.