டேட்டா மைனிங் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள்? யார் கணக்கை எடுப்பது?

கேடிடி என்ற டேட்டா மைனிங் மாநாட்டில் 1996-இல் வந்த டிபிஸ்கேன் (தரவுப் புள்ளிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் முறை) கட்டுரையும், 2016-இல் வந்த எக்ஸ்ஜிபூஸ்ட் (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் முறை) கட்டுரையும் இந்தத் துறையில் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுபவை. ஆனால் ஒன்றுக்கு மேற்கோளைச் சரியாக எண்ணும் தளம் இன்னொன்றில் கோட்டை விட்டுவிடும்.

பதிப்பகங்கள் தங்கள் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் இலவசம். மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது மேற்கோள்களைக் கோப்பது டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரும் நிரந்தர அடையாள எண்) வைத்து. கணினியியல் சங்கமான ஏசிஎம் வெளியிட்ட எக்ஸ்ஜிபூஸ்டுக்கு அதில் சிக்கல் இல்லை. டிபிஸ்கேன் கதை வேறு. அன்று கேடிடி தொகுப்பை வெளியிட்டது ஏஏஏஐ பிரஸ் என்ற வேறொரு பதிப்பகம். ஏசிஎம் நூலகத்தில் இப்போது அந்தக் கட்டுரைக்கு 10.5555 என்று தொடங்கும் எண் இருக்கிறது. பார்க்க டிஓஐ மாதிரியேதான் இருக்கும், ஆனால் முறையாகப் பதிவான டிஓஐ அல்ல. அதை அப்படியே குறிப்புப் பட்டியலில் ஒட்டினால் கிராஸ்ரெஃப் கணக்கில் ஏறாது.

கூகுள் ஸ்காலர் இங்கே கைகொடுக்கும். தலைப்பு, ஆசிரியர் பெயர்களை வைத்துப் பொருத்துவதால் பழைய கட்டுரைகள் தப்புவதில்லை. ஆய்வேடு, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் வடிவம்) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதால் எண்ணிக்கையும் பெரிதாக வரும். சரி, யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அலசப் போனால்? ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, மொத்தமாக இறக்கவும் வழியில்லை. எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற கட்டுரைக்கு 1000 எந்த மூலைக்கு?

எனக்குப் பிடித்தது செமாண்டிக் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுதளம். மேற்கோள் பின்னணிக்காகவா, முறைக்காகவா, முடிவை ஒப்பிடவா என்று பிரித்துக் காட்டுகிறது. எக்ஸ்ஜிபூஸ்டை ஒரு கருவியாக ஓட்டிவிட்டு ஒரே வரியில் பெயர் சொல்லும் மருத்துவக் கட்டுரையும், அதன் அல்காரிதத்தோடு மல்லுக்கட்டும் கட்டுரையும் வெறும் எண்ணிக்கையில் சமம். இங்கே தனித்தனியாகத் தெரியும். பிரிப்பது இயந்திரம் என்பதால் சிலவற்றைத் திறந்து படித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்துக்குச் சந்தா வேண்டும். கல்லூரியில் இருந்தால் பாருங்கள். கணினியியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி மேற்கோளை எண்ணும் தளம் அல்ல, ஆனால் எந்த ஆண்டு எந்த மாநாட்டில் என்னென்ன வந்தன என்ற பட்டியலுக்கு அதைவிடச் சுத்தமானது இல்லை.

எனவே பட்டியலை டிபிஎல்பியில் எடுங்கள், மேற்கோளை செமாண்டிக் ஸ்காலரில் எடுங்கள். டிபிஸ்கேன் போல 1999-க்கு முந்தைய, ஏஏஏஐ பிரஸ் காலத்துக் கேடிடி கட்டுரைகளை மட்டும் கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள், ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று. அப்புறம், அந்தக் கூகுள் எண்ணை மற்றவற்றோடு ஒரே அட்டவணையில் போட்டுவிடாதீர்கள்.