எழுதத் தூண்டும் சீட்டுப் பெட்டி: இரண்டு வருடம் புழங்கிய பிறகு

சீட்டை உருவி அதை வைத்து எழுதிப் பழகும் இந்தப் பெட்டியின் விலை பாதியாகிவிட்டதாம், இப்போது வாங்கலாமா என்று அம்மாப்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்: அச்சடித்த சீட்டு 100, வெற்றுச் சீட்டு 6, ஒரு மணல் கடிகாரம். ஒன்றை உருவி, படித்து, யோசிக்காமல் எழுத வேண்டும். சேலத்தில் வாராவாரம் நாலைந்து பேர் கூடும் மேஜையிலும், அவ்வப்போது ஏற்காட்டிலும் இது இரண்டு வருடமாகப் புழங்குகிறது. தயாரித்தவர் பெயரை விட்டுவிடுகிறேன். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த எந்தச் சீட்டுக்கும் இந்தப் புகார் பொருந்தும்.

புகார் இதுதான். 23ஆம் சீட்டு: "அவள் கதவைத் திறந்தாள், அங்கே…"

ஆங்கிலத்தில் வாக்கியத்தைப் பாதியில் அறுத்துக் கொடுக்கலாம். வினை முன்னாலேயே வந்துவிடும். எதைக் கண்டாள், யாரைக் கண்டாள் என்பது மட்டும் பாக்கி நிற்கும். கை தானாக அந்த இடத்தை நிரப்பப் போகும். தமிழில் வினை கடைசியில் அல்லவா வரும்? "திறந்தாள்" என்று முற்று போட்டால் கடையைச் சாத்தியாயிற்று. அதற்குப் பிறகு "அங்கே" போட்டு மூன்று புள்ளி வைத்தால் மறுபடி முதலிலிருந்து ஒரு வாக்கியம் கட்ட வேண்டும். அந்தக் கட்டும் நேரத்தில்தான் யோசனை நுழைகிறது. யோசனை நுழைந்தால் வருவது பேய், இல்லை பிணம், அதுவும் இல்லையென்றால் பழைய காதலன். நூறில் 31 சீட்டு இந்த ரகம்.

சரி செய்யும் வழி எளிது. வினையை முடிக்காமல் விட வேண்டும். பள்ளியில் வினையெச்சம் என்று படித்தோமே, அந்த இனம். "கதவைத் திறந்தும்" என்று எழுதிப் பாருங்கள்: நடக்க வேண்டியது ஒன்று நடக்கவில்லை. "கதவைத் திறப்பதற்குள்": வேறொன்று முந்திக்கொண்டது. "கதவைத் திறந்திருந்தால்": திறக்கவே இல்லை. மூன்று சொல்லுக்கும் மூன்று கதை, அதுவும் முதல் விநாடியிலேயே. இன்னொரு லாபம், "திறந்தாள்" என்றதும் ஆள் பெண் என்று சீட்டே முடிவு செய்துவிடுகிறது. "திறந்தும்" என்றால் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது எழுதுகிறவர் கையில். இதைச் சீட்டிலேயே திருத்த நினைத்தால், மேல் பூச்சு வழவழப்பானது, பால்பாயிண்ட் பேனா பிடிக்காது. நோட்டுக்கு ஒட்டும் லேபிளைக் குறுகலாக வெட்டி ஒட்டி, அதன்மேல் எழுதினால் நிற்கிறது.

அடுத்து, கேள்வித்தாள் சீட்டுகள். "உங்கள் பால்ய கால வீட்டை விவரிக்கவும்." விவரிக்கவும் என்ற சொல்லைப் பார்த்ததுமே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று விரல் வரிசை பிடித்துவிடும். எத்தனை வயதானாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. இதற்கு மருந்து, வீட்டைக் கேட்காமல் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளையும் ஒரு நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பது: "மாடிப்படியில் நாலாவது படி, கரண்ட் போன சாயங்காலம்." சீட்டு பேச்சுத் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. "ஏன்டா லேட்டு?" என்று இருந்தால் பதில் சொல்ல ஒரு குரல் உடனே வந்துவிடும். "தாமதத்திற்கான காரணம் யாது" என்றால் வருவது விடுப்பு விண்ணப்பம்.

பனி பொழியும் இரவு, தீ எரியும் கணப்பு என்று எட்டுப் பத்து சீட்டு. ஏற்காட்டில் மூடுபனி உண்டு, பனி பொழிவதில்லை. இதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

மணல் கடிகாரம் மட்டும் தங்கம். சத்தம் இல்லை, நடுவில் மெசேஜ் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது; ஒரு பக்கம் கவிழ்த்தால் 5 நிமிடம் 10 விநாடி, மறுபக்கம் 4 நிமிடம் 35 விநாடி. நீளும் பக்கத்துக்கு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. அந்த அளவுக்கு நீள நோட்டில் முக்கால் பக்கம் வரும். படித்த பத்து விநாடிக்குள் பேனா காகிதத்தில் பட வேண்டும், சீட்டை மாற்றக்கூடாது, அடிக்கக்கூடாது. மூன்றாவது நிமிடத்தில் அநேகமாக எல்லார் கையும் நின்றுவிடும், ஏனென்றால் முதலில் தோன்றியது அத்துடன் தீர்ந்திருக்கும். அப்போது கடைசியாக எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, மணல் பாதி இறங்கியதும் இரண்டாவது சீட்டை உருவி நடுவில் போடுவது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதபோதுதான் கதை வளைகிறது.

ஏற்காட்டு ஈரத்தில் அட்டைப்பெட்டி முதல் மழைக்கே ஊறி, மூடி விட்டுப்போனது. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பூச்சு உரிந்து வந்தது. இப்போது எல்லாம் எவர்சில்வர் டப்பாவில், அடியில் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு. அங்கே மைப்பேனா வேண்டாம், நோட்டுக் காகிதத்தில் எழுத்து ஊறும். பென்சில் போதும்.

இனி எதிர்பாராத விஷயம். தமிழில் உடனடியாகப் பாடுவதற்கு ஆசுகவி என்று ஒரு மரபே உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் அதில் பேர்போனவர். அங்கே தூண்டுகோலாகப் பல சமயம் கொடுப்பது தொடக்கத்தை அல்ல, ஈற்றடியை. கடைசி வரி கையில் இருக்கும், அதை நோக்கிப் பாட்டு ஓடிவந்து சேர வேண்டும். நம் வாக்கிய அமைப்புக்கு இது கச்சிதம், ஏனென்றால் வினைமுற்று உட்கார வேண்டிய இடம் அதுதான். ஆகவே அந்த 31 சீட்டிலும் "அங்கே…" மேல் லேபிளை ஒட்டி மறைத்துவிட்டு, மீதியைக் கடைசி வரியாக வைத்து எழுதினால்: "அவள் கதவைத் திறந்தாள்." அவ்வளவுதான். பேயும் பிணமும் போய்விட்டன. திறப்பதற்கு முன் என்ன தயக்கம், எத்தனை நாள், யார் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் வந்து நிற்கிறது. பெட்டியிலேயே உருப்படாத சீட்டுகள் இப்படி அதிலேயே சிறந்த சீட்டுகளாகிவிட்டன. இதைத் தயாரித்தவர்கள் அறிந்து செய்ததாகத் தெரியவில்லை.

வெற்றுச் சீட்டு ஆறும் ஒரே மாதத்தில் தீர்ந்தன. இப்போது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான். ஒன்றை நாலாக வெட்டலாம். பளபளப்பில்லாத பக்கத்தில் எழுதுங்கள். நன்றாக ஓடுகிறவை சில: "பதினேழாவது வளைவு தாண்டியும் யாரும் பேசாததால்", "காபி பூத்த அன்றே மழை பிடித்துக்கொண்டதும்", "தட்டுவடை செட்டில் பீட்ரூட் தீர்ந்துபோய்", "களத்தில் ஜவ்வரிசி காய்வதற்குள்". ஈற்றடிக்கு: "கடைசியில் ஒற்றைக் கொலுசைத்தான் எடை போட்டார்கள்." கடைசியில் சொன்னதைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை தெரிந்தவர்களிடம் கொடுக்காதீர்கள். எடை, செய்கூலி, சேதாரம் என்று கணக்கு எழுதுவார்கள், கதை வராது. தெரியாதவர்கள் பிரமாதமாக எழுதுகிறார்கள்.

நண்பருக்குப் பதில்: பாதி விலைக்கும் வாங்க வேண்டாம். கடிகாரம் நல்லது, ஈற்றடி வேலை இன்னும் நல்லது, எல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நாலு பழைய பத்திரிகையும் ஒரு கத்தரிக்கோலும் போதும். எங்கள் பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுப்பீர்களா என்றும் கேட்டிருந்தார். கொடுக்க மாட்டோம்.