கறி ஹவுஸா, யாழ்ப்பாணக் கடையா: லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமைக் கேள்வி

வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் சமையல் கிடையாது என்று முடிவானதும், எந்தக் கடையில் வாங்குவது என்பதில் பஞ்சாயத்து வந்தது. கிழக்கு லண்டனில் எங்கள் பக்கம் மூன்று வகைக் கடைகளும் நடக்கிற தூரத்தில் உண்டு. பங்களாதேஷ்காரர்களின் பழைய பாணி கறி ஹவுஸ், சென்னை பாணித் தோசைக் கடை, யாழ்ப்பாணத்தார் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை. எங்கள் ஓட்டு கடைசியில் யாழ்ப்பாணக் கடைக்குத்தான் விழுந்தது. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

தோசைக் கடையை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் குறையில்லை. பார்சல் கட்டிய தோசையோ வீடு வந்து சேர்வதற்குள் நமுத்துப்போகிறது. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை; கறி ஹவுஸில் சோறும் நான் ரொட்டியும் தனித்தனியாகக் கணக்காகும், அவ்வளவுதான். சுத்தம் எப்படி என்று பார்க்க 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் இருக்கிறது. அதை வாசலில் ஒட்ட வேண்டும் என்று வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் சட்டம் உண்டு, இங்கிலாந்தில் இல்லை. ஒட்டாத கடையின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது குழம்பு. கறி ஹவுஸ் மெனுவில் கோர்மா, மெட்ராஸ், ஜல்ஃப்ரேசி, பூனா, தன்சாக், பத்தியா என்று பக்கம் பக்கமாக இருக்கும். பெரும்பாலான கடைகளில் இவை அத்தனைக்கும் தாய் ஒரே குழம்புதான். மூட்டை வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கேரட், தக்காளி, எண்ணெயோடு மணிக்கணக்கில் வேகவைத்து, மைய அரைத்துப் பெரிய பானையில் வைத்திருப்பார்கள். கோழியும் ஆட்டுக்கறியும் தனியே முன்கூட்டியே வெந்திருக்கும். ஆர்டர் வந்ததும் வாணலியில் எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி விழுது, பொடிக்கலவை. மேலே அந்தக் குழம்பு இரண்டு கரண்டி. தீயைக் கூட்டினால் பத்து நிமிடத்துக்குள் தட்டில் வந்துவிடும். மிளகாய்த்தூளைக் கூட்டி எலுமிச்சை பிழிந்தால் மெட்ராஸ். கிரீமும் சர்க்கரையும் தேங்காயோ பாதாம் பொடியோ சேர்ந்தால் கோர்மா. பருப்பு விழுந்தால் தன்சாக்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பங்களாதேஷின் சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள், சின்னச் சமையலறையில் நான்கு மேசைக்கு நான்கு வகை ஒரே நேரத்தில் கொடுக்கக் கண்டுபிடித்த கெட்டிக்கார வழி அது. இந்த ஊர்க்காரர்களுக்கும் கறி என்றால் குழம்பு நிறைய வேண்டும். சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்று 2001-ல் சொன்ன வெளியுறவு அமைச்சர் ராபின் குக், இறைச்சியைக் குழம்போடு சாப்பிட விரும்பும் பிரிட்டிஷ்காரர்களுக்காகத்தான் டிக்கா என்ற சுட்ட இறைச்சித் துண்டோடு மசாலாக் குழம்பு சேர்ந்தது என்றும் அதே பேச்சில் சொன்னார். ஆனால் மாதக்கணக்கில் வெள்ளிதோறும் வாங்கினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். நான்கு பேர் நான்கு வகை சொல்லி, நான்கு டப்பாவையும் திறந்து ஒவ்வொரு கரண்டி ருசித்துப் பாருங்கள். உறைப்பும் புளிப்பும் இனிப்பும் மாறும். அடியில் அந்த இனித்த வெங்காயம் அப்படியே இருக்கும்.

யாழ்ப்பாணக் கடையில் ஆட்டுக்கறி ஆட்டுக்கறியாகவே வேகிறது. எலும்போடு, அதன் சொந்தத் தண்ணீரில். தூளும் வேறு: மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் கருகாமல் நன்றாகச் சிவக்க வறுத்து, கறிவேப்பிலையோடு இடித்தது. அதனால் குழம்பு கறுப்பை எட்டும் சிவப்பாக இருக்கும், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மீன் குழம்பில் பழப்புளி தூக்கலாக இருக்கும். இடியப்பத்துக்குச் சொதி, மஞ்சள் தண்ணீர் மாதிரி தெரியும். வாயில் வைத்தால் தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும். கொத்து ரொட்டி கேட்டால் கண்முன்னே தகட்டில் கொத்திக் கொடுப்பார்கள். தகட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்கும். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு அதை வேடிக்கை பார்ப்பதே பாதிச் சாப்பாடு.

குறையும் இருக்கிறது. கறி ஹவுஸில் ஆர்டர் வந்த பிறகுதான் அடுப்பில் ஏறும். இரவு பத்து மணிக்குப் போனாலும் அதே தரம். யாழ்ப்பாணக் கடையில் காலையில் வைத்த கறி கண்ணாடிக்குப் பின்னால் சூட்டிலேயே கிடக்கும். மாலையாகும்போது மீன் உடைந்து, பருப்பின் மேல் ஆடை கட்டியிருக்கும். ஆகவே நல்ல கடையா என்பதைவிட, போகிற நேரத்துக்கு எது நல்லது என்று கேட்பதுதான் முக்கியம். "அண்ணா, இன்னைக்கு எது புதுசு?" என்று நான் கேட்பேன். "ஆட்டுக்கறி இப்பதான் இறக்கினது தம்பி, மீன் மத்தியானத்தான், விடுங்கோ" என்று பதில் வரும். தன் பண்டத்தையே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை எப்படி விடுவது? இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கும் கடைகளும் பார்த்திருக்கிறேன். அங்கே கொத்து ரொட்டியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம், அதுவாவது சூடாக வரும். சைவக்காரர்கள் துவையல் மாதிரியான சம்பல் வாங்கும்முன் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அதேபோல் பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் கறி ஹவுஸில் கோர்மா, டிக்கா மசாலா இரண்டையும் விசாரிக்காமல் தொட வேண்டாம்.

லண்டனின் வேறு பகுதிகளான டூட்டிங், ஹாரோ பக்கத்துக் கடைகளில் எப்போதாவதுதான் சாப்பிட்டிருக்கிறேன்; நான் சொல்வது பெரும்பாலும் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் அனுபவம். பர்மிங்ஹாம் பால்டி வேறு கதை. 1970-களில் அங்கே பாகிஸ்தானியர்கள் தொடங்கியது, மெல்லிய இரும்புச் சட்டியில் பெருந்தீயில் சமைத்து அதே சட்டியில் பரிமாறுவது, சோறுக்குப் பதில் நான் ரொட்டி. போன இடத்தில் ருசித்ததோடு சரி, தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

கறி ஹவுஸை அடியோடு விட்டுவிட்டோமா என்றால் இல்லை. விருந்தாளிகளில் உறைப்பு தாங்காதவர்கள் இருந்தால் அங்கேதான் போகிறோம். அப்போதும் குழம்பு வகைகளை விட்டுவிட்டுத் தந்தூர் அடுப்பில் வருவதைத்தான் சொல்வேன்: ஆட்டு நெஞ்செலும்புத் துண்டு, சீக் கபாப், சூடான நான். அந்தப் பானைக் குழம்புக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இன்னொன்று, பல கடைகளில் வேலை செய்பவர்கள் தங்களுக்கென்று எலும்போடு தனிக்கறி வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் 'ஸ்டாஃப் கறி' என்று மெனுவிலேயே இருக்கும். இல்லாவிட்டாலும், கூட்டமில்லாத நாளில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.