மலையிலிருந்து கடலுக்கடிக்கு: எது கட்டுப்படியாகும்?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் டைவிங் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது "ஒரு டைவ் எவ்வளவு?" என்றுதான். நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்கவேண்டியது "எத்தனை இரவு தங்கவேண்டும்?" என்று. காற்றுச் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் இறங்கிவிட்டு அன்று இரவே மலையேற முடியாது. கடலோரத்துக்காரர்களுக்கு இல்லாத இந்தச் செலவு நமக்கு உண்டு.

றம்பொடை வழியாக ஏறும்போது மிக்சர் பக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். நீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டுவலியில் தொடங்கி கை கால் செயலிழப்பது வரை கொண்டுபோய்விடலாம். விமானம் ஏறுமுன் டைவர்கள் காத்திருப்பது இதனால்தான்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். நுவரெலியா 1,868 மீட்டர்; ஹட்டனும் பண்டாரவளையும் 1,200க்கு மேல். பஸ்ஸில் ஏறினாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மிகவும் மலிவானது ஸ்நோர்க்லிங். மாஸ்க், குழாய், துடுப்புக்கால் போதும், வாடகைக்குக் கிடைக்கும். நீரின் மேல் மிதந்தபடி பார்ப்பதால் நைட்ரஜன் பிரச்சினை இல்லை. மாலையே வேன் ஏறலாம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு இதற்கு அருமையான இடம். 2003 முதல் தேசிய பூங்கா, ஆகவே படகுக் காசு தவிர டிக்கெட்டும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். முருகைக்கற்களுக்கு மேலே வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் செட்டையில் கறுப்பு முனை கொண்ட சிறு சுறாக்கள். அவை நம்மைக் கண்டு ஓடத்தான் பார்க்கும். முருகைக்கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள். டீ-ஷர்ட் போட்டே இறங்குங்கள், குப்புற மிதப்பவர்களுக்கு முதுகு வெந்துபோகும்.

ஹிக்கடுவையில் கரையிலிருந்தே இறங்கலாம், படகுச் செலவு மிச்சம். ஆனால் 1998இல் கடல் சூடேறி அங்கே முருகைக்கற்கள் பெருமளவு வெளுத்து அழிந்தன. ஆமை பார்க்கப் போகலாம். பவளத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அடுத்தது பயிற்றுநரோடு இறங்கும் முதல் அனுபவ டைவ். 12 மீட்டரைத் தாண்டமாட்டார்கள். நீச்சல் பரீட்சை கிடையாது, மருத்துவப் படிவம் உண்டு; ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள். இறங்கும்போது காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் திறக்கும். மலைப்பாதையில் இறங்கிப் பழகிய காதுகளுக்கு இது புதிதல்ல. ஒரு காலை வேலைதான், ஆனால் ஓர் இரவுத் தங்கல் கட்டாயம். சனி காலை இறங்கி, இரவு தங்கி, ஞாயிறு புறப்படுவதுதான் சரியான ஒழுங்கு. ஞாயிறு டைவ் அடித்துவிட்டுத் திங்கள் வேலைக்கு என்று யாராவது திட்டம் போட்டால் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது 'ஓபன் வாட்டர்' கோர்ஸ். கடலில் நான்கு டைவ், சான்றிதழ், 18 மீட்டர் வரை அனுமதி. செலவு அனுபவ டைவைப்போலப் பல மடங்கு, வழக்கமாக மூன்று நான்கு நாள், அதோடு கடைசி டைவுக்குப் பின் இன்னோர் இரவு. பாடப் பகுதியை வீட்டிலிருந்தே போனில் முடித்துவிட்டால் ஒரு நாள் அறை வாடகை மிச்சமாகலாம். இதில் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். தோட்டத்து ஆற்றில் குளித்த அனுபவம் இதற்குப் போதாது, முதலில் நீச்சல் குளத்தில் பழகுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது இறங்கப் போகிறவருக்குத்தான் இந்தக் காசு வீணாகாது. ஒரு முறை பார்த்தால் போதும் என்பவருக்கு அனுபவ டைவே தாராளம்.

மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைச் சிலர் கேட்பார்கள். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரண டைவிங்கின் எல்லையே 40. அதை விட்டுவிடுங்கள்.

எங்கே போவது என்பதை லீவுதான் தீர்மானிக்கும். நிலாவெளி, பாசிக்குடாவுக்கு மே முதல் செப்டம்பர், ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குப் பொருத்தம். ஹிக்கடுவை, உனவட்டுனைக்கு நவம்பர் முதல் ஏப்ரல். தீபாவளி லீவு பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். அப்போது அட்வான்ஸ் கட்டுமுன் கடல் நிலைமையைக் கேளுங்கள்.

அப்புறம், வேன் பேசும்போதே திரும்பும் நாளைச் சொல்லிவிடுங்கள். சாரதியின் இரவுச் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்று அப்போதே பேசித் தீர்த்தால், கடைசி நாளில் "இப்பவே கிளம்புவோம்" என்ற நச்சரிப்பு இருக்காது.