ஹூடாக்: சமய உரிமை, பேச்சுரிமை, தன்பாலீர்ப்பு வழக்குகளைத் தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

தன்பாலீர்ப்பு பற்றிய திருச்சபைப் போதனை நீதிமன்றம் ஏறிய வழக்குகளைப் பொறுத்தவரை, தீர்ப்பைவிடத் தீர்ப்பின் சுருக்கங்கள்தான் ஊரெங்கும் சுற்றுகின்றன. ஒரு தரப்பு “விசுவாசிகள் வென்றார்கள்” என்று எழுதும். மறுதரப்பு “வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை” என்று எழுதும். இரண்டையும் சரிபார்க்க மூலத்தைத்தான் திறக்க வேண்டும். ஐரோப்பிய வழக்குகளுக்கு அந்த மூலம் ஹூடாக். ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே நடத்தும் இணையத் தரவுத்தளம் இது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, தீர்ப்பைப் பிடிஎஃப் ஆகவோ வேர்டு கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். சட்டம் படிக்காதவரும் பயன்படுத்த முடிகிற அருமையான சேவை. ஆனால் திறந்ததும் அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே தேடினால், இந்தத் தலைப்பில் முக்கியமான வழக்குகள் கண்ணிலேயே படாது.

முதல் சிக்கலை, தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை எழுத ஒரு பேக்கரி மறுத்த பெல்ஃபாஸ்ட் கேக் வழக்கே காட்டிவிடும். பக்கம் திறக்கும்போது பெரிய அமர்வின் (17 நீதிபதிகள்) தீர்ப்புகளும் அமர்வின் (7 நீதிபதிகள்) தீர்ப்புகளும் மட்டும் தேர்வாகி இருக்கும். அந்த நிலையில் ‘லீ எதிர் ஐக்கிய இராச்சியம்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் 2001 ஜனவரி 18 தேதியிட்ட தீர்ப்பு ஒன்று வரும். அது ஜிப்சி சமூகத்தவர் ஒருவர் தம் நிலத்தில் கேரவன் நிறுத்திக் குடியிருந்ததைப் பற்றிய வழக்கு. கேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேக் வழக்கு ‘தீர்ப்பு’ என்ற தொகுப்பில் இல்லை, ‘டிசிஷன்ஸ்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. விசாரணைக்கே ஏற்கத்தக்கதல்ல என்று மனுவைத் தள்ளி வெளியிடப்படும் முடிவுகள் அங்கேதான் போகின்றன. இடப்பக்க வடிகட்டிகளில் ‘டாக்குமென்ட் கலெக்‌ஷன்ஸ்’ பகுதியில் அதற்கும் டிக் போட வேண்டும். இன்னும் நேரான வழி, ‘அட்வான்ஸ்டு சர்ச்’ திறந்து மனு எண்ணை இடுவது: 18860/19. பெயர் ஒன்றுபோல இருக்கலாம், மனு எண் ஒன்றுபோல இராது.

இந்த டிக் ஏன் இவ்வளவு முக்கியம்? அந்த ஆவணத்தைத் திறந்தவர் “ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் பேக்கரியின் பக்கம் தீர்ப்பளித்தது” என்று எழுத மாட்டார். 2014 மே மாதம் பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் பேக்கரியில், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தோடு லீ ஒரு கேக் கேட்டார். விலை 36.50 பவுண்டு. பணம் வாங்கிய கடை, இரண்டு மூன்று நாளில் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பியது. கீழ் நீதிமன்றம் 500 பவுண்டு இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் கடைக்குத் தோல்வி. 2018 அக்டோபர் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள்: மறுக்கப்பட்டது வாடிக்கையாளர் அல்ல, வாசகம், அதே வாசகத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் கடை மறுத்திருக்கும் என்பது அவர்களின் காரணம். ஸ்ட்ராஸ்பூர்கோ இந்தக் கேள்விக்குள் நுழையவே இல்லை. உள்நாட்டு நீதிமன்றங்களில் மனுதாரர் லீ பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மட்டும் பிடித்து வாதாடினார், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தமக்குத் தரும் உரிமைகளை அங்கே எழுப்பவில்லை என்பதால் மனு வாசலிலேயே நின்றது. அதுவும் ஒருமனதாக அல்ல, பெரும்பான்மை முடிவாக.

இரண்டாவது சிக்கல் பிரிவு எண். சமய சுதந்திரம் என்றதும் எல்லாரும் அந்த உடன்படிக்கையின் 9ஆம் பிரிவை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். வலை பாதி மீனைத்தான் பிடிக்கும். பள்ளியில் துண்டறிக்கை வைத்தவர்கள் பற்றிய ஸ்வீடனின் வேய்டெலாண்ட் வழக்கு (1813/07, தீர்ப்பு 2012 பிப்ரவரி 9) 10ஆம் பிரிவில், அதாவது கருத்துச் சுதந்திரத்தில் இருக்கிறது. திருச்சபை வேலைநீக்க வழக்குகள் பல 8ஆம் பிரிவில், தனிவாழ்க்கை உரிமைக்குக் கீழ் கிடக்கின்றன. ஸ்பெயினின் ஃபெர்னாண்டஸ் மார்ட்டினஸ் (56030/07) அப்படித்தான். அவர் திருமணமான கத்தோலிக்கக் குரு, அரசுப் பள்ளியில் சமய ஆசிரியர். குருக்களின் மணத்துறவு அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்னும் இயக்கத்தில் இருந்ததும், பாலியல் ஒழுக்கம் பற்றிய திருச்சபை நிலைப்பாட்டோடு அவர் முரண்படுவதும் செய்தித்தாளில் வந்தபின் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2014இல் பெரிய அமர்வு 9க்கு 8 என்ற கணக்கில் உரிமை மீறல் இல்லை என்றது. இவ்வளவு நெருக்கமான வழக்கை 9ஆம் பிரிவில் மட்டும் தேடித் தவறவிட்டால் படம் கோணலாகிவிடும். ஆகவே 8, 9, 10 மூன்றையும், அவற்றோடு சேர்ந்து வரும் பாகுபாட்டுத் தடைப் பிரிவான 14ஐயும் தனித்தனியாகப் பாருங்கள். ‘14+9’ என்று தனி வகையே உண்டு. கீழே வரும் பதிவாளர் லடேலின் முறையீடு அங்கேதான் இருக்கிறது.

சொல்லை இட்டுத் தேடுவது கடைசி வழியாக இருக்கட்டும். ‘ரிலிஜன்’ என்று வெறுமனே இட்டால் குவியலாகக் கொட்டும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, இரண்டாம் சொற்றொடரைப் பெரிய எழுத்து ‘ஆண்ட்’ (AND) போட்டு இணைத்தால் பட்டியல் சுருங்கும்.

வழக்கைக் கண்டுபிடித்தபின் எங்கிருந்து படிப்பது? லடேல் இருக்கும் ஈவெய்டா தீர்ப்பை (48420/10 முதலியவை, 2013 ஜனவரி 15) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தீர்ப்பில் நான்கு பேர். விமான நிறுவன ஊழியர் ஈவெய்டா சிலுவை அணிந்ததில் வென்றார், மற்ற மூவரும் தோற்றார்கள். நமக்கு வேண்டியவர்கள் இருவர். லடேல், இஸ்லிங்டன் நகராட்சியின் பதிவாளர், தன்பாலின இணையரின் பதிவைச் செய்ய மறுத்தவர். அவருக்கு 102 முதல் 106 வரையான பத்திகள். அடுத்தவர் மக்ஃபார்லேன், தன்பாலின இணையருக்குப் பாலியல் ஆலோசனை தருவதில் தயங்கிய ஆலோசகர். 107 முதல் 110 வரை. முன்னால் உள்ள பத்திகள் பெரும்பாலும் உண்மைகள், உள்நாட்டுச் சட்டம், இரு தரப்பு வாதங்கள். நடுவில் ஒரு வரியைப் பிடுங்கி “நீதிமன்றம் சொன்னது” என்று பகிர்கிறவர்கள் பல நேரம் பகிர்வது ஒரு தரப்பு வழக்கறிஞரின் வாதத்தைத்தான். ‘நீதிமன்றத்தின் மதிப்பீடு’ என்ற தலைப்புக்குக் கீழே இருப்பதை மட்டும் நீதிமன்றத்தின் கருத்தாக மேற்கோள் காட்டுங்கள்.

முடிவு வாசகத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. தனிக் கருத்துகள் அதற்குப் பின்னால்தான் வரும். லடேல் விஷயத்தில் இரு நீதிபதிகள் உரிமை மீறப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். வேய்டெலாண்டில், துண்டறிக்கை வைத்தவர்களுக்கு விதித்த தண்டனை உரிமை மீறல் அல்ல என்ற முடிவு ஒருமனதானது, ஆனாலும் சில நீதிபதிகள் தங்கள் தயக்கத்தைத் தனியே பதிந்தார்கள். அந்தத் தயக்கம் புரிய உண்மைகளைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பரில் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் அலமாரிகளில் சுமார் நூறு துண்டறிக்கைகள் வைக்கப்பட்டன. தன்பாலீர்ப்பை அவை பிறழ்வு என்றும் எச்ஐவி பரவக் காரணம் என்றும் தூற்றின. வன்முறைக்கு அழைப்பு இல்லாவிட்டாலும் வெறுப்பைத் தூண்டுவதாகலாம் என்று 55ஆம் பத்தி சொல்கிறது. எளிதில் பாதிக்கப்படும் வயதுப் பிள்ளைகளிடம், அவர்கள் மறுக்க வாய்ப்பில்லாதபடி அது திணிக்கப்பட்டதையும் நீதிமன்றம் எடைபோட்டது. இது ஆலயப் பிரசங்கத்துக்கு விதித்த தண்டனை அல்ல. இந்த வேறுபாட்டை இரு தரப்புமே மழுப்புவது வருத்தம் தருகிறது.

ஒன்றை ஹூடாக்கில் தேடி ஏமாற வேண்டாம். போதனை சரியா தவறா என்ற தீர்ப்பு அங்கே கிடைக்காது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2357 முதல் 2359 வரையான எண்களில் தன்பாலினச் செயல்களை ஏற்க முடியாது என்கிறது. அங்கேயே, அந்த ஈர்ப்பு உள்ளவர்களிடம் அநீதியான பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் போதனையை எடைபோடுவது அரசின் வேலை அல்ல என்பதே ஸ்ட்ராஸ்பூர்கின் நெடுநாள் நிலை. அதன் பெயரால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பு நியாயமானதா என்பதைத்தான் அது பார்க்கும்.

குறைகளும் உண்டு. அதிகாரபூர்வ மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். சில தீர்ப்புகள் பிரெஞ்சில் மட்டும் இருக்கும். அப்போது ‘லீகல் சம்மரீஸ்’ தொகுப்பில் ஆங்கிலச் சுருக்கத்தைத் தேடுங்கள். ஆவண எண் 001 என்று தொடங்கினால் அது முழுத் தீர்ப்பு அல்லது முடிவு, 002 என்றால் சுருக்கம், 003 என்றால் பத்திரிகைக் குறிப்பு. சுருக்கமும் பத்திரிகைக் குறிப்பும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மேற்கோளுக்கு 001ஐயே காட்டுங்கள். தலைப்பு வாரியாகப் படிக்க ஹூடாக் உகந்ததல்ல. அதற்கு அதே நீதிமன்றத்தின் அறிவுப் பகிர்வுத் தளத்தில் 9ஆம் பிரிவுக்கும் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்கும் வழிகாட்டி நூல்கள் இலவசமாக உள்ளன. அங்கே வழக்கின் பெயரை எடுத்து, பிறகு ஹூடாக்குக்கு வருவதே நேரம் மிச்சம்.

ஸ்ட்ராஸ்பூர்க் வரை போகாத வழக்குகளுக்கு இங்கே தனிப் பக்கம் இராது. தன்பாலீர்ப்பைச் சமூகத்தின் புற்றுநோய்க் கட்டி என்று பிரசங்கித்த போதகர் ஓகே கிரீனை ஸ்வீடன் உச்ச நீதிமன்றம் 2005 நவம்பர் 29 அன்று விடுவித்தது. தண்டித்தால் ஐரோப்பிய உடன்படிக்கையை மீறியதாகும் என்பதே காரணம். வேய்டெலாண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு, ஆனால் ஸ்வீடன் மூலங்களில்தான் தேட வேண்டும். சிலியில் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகக் கத்தோலிக்க சமய ஆசிரியர் சான்றிதழை இழந்த பாவேஸ் பாவேஸ், 2022இல் வென்றது அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தில். அமெரிக்காவின் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் (2018), 303 கிரியேட்டிவ் (2023) தீர்ப்புகள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தளத்தில் கிடைக்கும். எதைப் பகிர்ந்தாலும் முகவரியில் 001 என்று தொடங்கும் ஆவண எண் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பட்டியலின் முகவரியை அனுப்பினால் பெறுகிறவருக்குத் திறப்பது பட்டியல்தான், தீர்ப்பு அல்ல.