தூண்டுதல் நோட்டா, நன்றி நோட்டா?

போதையை விட்டவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது மறுவாழ்வு சிகிச்சையில் பழகிப்போன விஷயம். எதை எழுதுவது என்பதில்தான் இரண்டு கட்சி.

ஒன்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் கட்சி. 1985-ல் ஜூடித் கார்டனுடன் சேர்ந்து ரிலாப்ஸ், அதாவது விட்டபின் மறுபடி போதைக்குத் திரும்புவதைத் தடுக்கும் முறையைப் புத்தகமாகக் கொண்டுவந்தவர். அவர் முறைப்படி தூண்டுதல்களை, அதாவது எந்தத் தெருவில், எந்தக் கூட்டாளியோடு, சம்பள நாளிலா சண்டை போட்ட ராத்திரியிலா மனசு அலைபாயும் என்று எழுத வேண்டும். அப்போது என்ன செய்யப்போகிறேன் என்பதையும் கூடவே. ஒருமுறை தவறியதும் 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு' என்று தோன்றுகிறதே, அந்த நினைப்புதான் சின்னச் சறுக்கலைப் பெரிய விழுகையாக்குகிறது என்று அவர் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொன்று மார்ட்டின் செலிக்மன் கட்சி. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்தபோது மனக்குறைகளை மட்டுமில்லாமல் மகிழ்ச்சியையும் மனித பலங்களையும் ஆராயும் நேர்மறை உளவியலுக்குக் கொடி பிடித்தவர். தினமும் இரவு நடந்த மூன்று நல்லதை எழுது, ஏன் நடந்தது என்றும் எழுது. 2005-ல் வந்த ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் இணையம் வழியாகச் சேர்ந்த பொதுமக்கள், போதையிலிருந்து மீள்பவர்கள் அல்ல. குடிக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் செய்து பார்த்த ஒரு சிறு ஆய்வில் இருந்ததே 23 பேர்தான். எழுதிய நாட்களில் மனம் அமைதியானது. நிறுத்தியதும் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது.

போதையை விட்ட முதல் சில வாரங்களுக்கு என் ஓட்டு மார்லட்டுக்கு. அப்போது தூக்கம் வராது, சாப்பாடு ருசிக்காது. சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு மூளை சரியாக அசைந்துகொடுக்காது. அந்த நிலையில் இருப்பவரிடம் போய் மூன்று நல்லது கேட்டால், 'அதுகூட என்கிட்ட இல்லை' என்றுதான் படும். கேட்டே ஆக வேண்டுமென்றால் 'தோசை சூடாக இருந்தது' அளவில் கேட்கலாம்.

மாதங்கள் போனபின் கதை மாறுகிறது. தூண்டுதல் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சனியனைப் பற்றியே இருக்கும். போகக்கூடாத தெருக்கள் தெரியும், சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது? உறவு, ஈடுபாடு, வாழ்வதற்கு ஒரு அர்த்தம் என்று செலிக்மன் பேசுவது இங்கேதான் உதவுகிறது. 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, இதற்கு உளவியல் பெயர் எதுவும் வைக்காமலே புதிதாக வருபவருக்குக் கைகொடுக்கும் வேலையைப் பழையவர்களிடம் ஒப்படைத்தது.

ஹெராயின் மாதிரியான ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் போதை என்றால் இரண்டு நோட்டும் தனியாகப் போதாது. புப்ரினார்பின், மெத்தடோன் மருந்துகள் உயிரைக் காக்கின்றன. கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். பழைய அளவை எடுத்தால் உயிரே போகலாம். 'மாத்திரையும் ஒரு போதைதான், மனசு வைத்தால் போதும்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒரே நோட்டு. முன்னாலிருந்து தூண்டுதல், பின்னாலிருந்து நல்லது. அட்டையில் பெரிதாக 14446, மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண்.