மேக்னம் ரைஃபிளுக்கு எந்த ஆக்‌ஷன்: 700, மாடல் 70, மௌசர் 98

மேக்னம் ரைஃபிள், அதாவது ஆற்றல் மிகுந்த பெரிய தோட்டாவுக்கான துப்பாக்கி ஒன்றைச் சொந்தமாகக் கட்டப்போகிறேன் என்பவர்கள் முதலில் கேட்பது, தோட்டாவை ஏற்றி, பூட்டி, சுட்டதும் வெற்றுக் கூட்டை வெளியே எடுக்கும் அமைப்புகளில் எந்த ஆக்‌ஷன் ரொம்ப உறுதியானது என்றுதான். அங்கிருந்து தொடங்கினால் காசுதான் போகும். பெயர்பெற்ற ஆக்‌ஷன்கள் நல்ல நிலையில் இருந்தால், தமக்கென்று உள்ள தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கிவிடும். கை கொடுக்காமல் போவது பெரும்பாலும் நீளத்திலும், தோட்டாவை ஏற்றி இறக்கும் விதத்திலும்.

அதனால் தோட்டாவை முடிவு செய்துவிட்டு அளவுகளைப் பாருங்கள். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் முழு நீளம் 84.8 மி.மீ., .30-06-க்கும் அதே நீளம்தான், வழக்கமான நீள ஆக்‌ஷனே போதும். .375 எச் அண்ட் எச் 91.4 மி.மீ., .338 லாபுவா 93.5 மி.மீ.; இவற்றுக்கு நீளமான மேகசினும் (தோட்டாப் பெட்டி) அதற்கேற்ற ரிசீவரும் (குழலையும் அதன் பின்வாயை அடைக்கும் போல்ட்டையும் தாங்கும் எஃகு உடல்) வேண்டும். அடிவிட்டமும் மாறுகிறது: .30-06-க்கு 12 மி.மீ., கூட்டின் அடியைச் சுற்றி வளையம் போலப் பெல்ட் உள்ள மேக்னங்களுக்கு 13.5, லாபுவாவுக்கு 14.9. ஒரே அழுத்தம் என்று வைத்துப் பரப்பளவைக் கணக்குப் போட்டால், போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை பெல்ட் மேக்னத்தில் கால் பங்கு கூடுகிறது, லாபுவாவில் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

சரி, ரெமிங்டன் 700. 1962-ல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தோடு சேர்ந்தே வந்தது. உருண்டை ரிசீவர், அதனால் கடைசலில் பிடித்து நேராக்குவது எளிது. உதையைத் தாங்கும் லக் (எஃகு முனைப்பு) தனி வளையமாகக் குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் உட்காரும். தோட்டாவின் அடியைப் போல்ட் மூக்கு, குழல், ரிசீவர் என மூன்று எஃகு வளையங்கள் சூழ்ந்திருப்பதால், கூடு கிழிந்தாலும் வாயு வெளியேற வழி குறைவு. ட்ரிகர், ஸ்டாக், ஸ்கோப் மவுன்ட் எதைத் தேடினாலும் இதற்குத்தான் முதலில் கிடைக்கும், மற்றவர்கள் செய்யும் கஸ்டம் ஆக்‌ஷன்களில் பலவும் இதே அளவில்தான் வருகின்றன. குறை எங்கே என்றால், சுட்ட கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மெல்லிய தகடு, போல்ட் கைப்பிடி பற்றவைத்து ஒட்டியது. அந்தக் கைப்பிடி சரியான இடத்தில் ஒட்டப்படாவிட்டால், சுட்ட கூட்டை சேம்பரிலிருந்து (குழலில் தோட்டா உட்காரும் அறை) முதலில் நெம்பும் விசை குறைந்துபோகும், அழுத்தம் மிகுந்த மேக்னத்தில் அது உடனே தெரியும்.

வின்செஸ்டர் மாடல் 70-ஐ நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். 1936-ல் வந்தது, 1964-ல் செலவைக் குறைக்க மாற்றினார்கள், தோட்டாவைப் பிடித்தபடியே ஏற்றும் பழைய அமைப்பு 1990-களில்தான் திரும்பியது. மேகசினிலிருந்து எழும்போதே தோட்டாவின் விளிம்பு நீண்ட எக்ஸ்ட்ராக்டருக்குள் வந்துவிடும். வெறுமனே தள்ளும் ஆக்‌ஷனில், பதற்றத்தில் போல்ட்டைப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டு முழுதும் பூட்டாமல் பின்னுக்கு இழுத்தால், முதல் தோட்டா சேம்பரிலேயே கிடக்கும், அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும். காட்டெருமைக்கு எதிரே நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. இதன் பலவீனம் குழலின் பின்முனையில் உள்ள கூம்பு வடிவ வாய்: கூட்டின் அடியில் கொஞ்சம் தாங்கலில்லாமல் நிற்கிறது, கூடு உடைந்தால் வாயுவைச் சமாளிப்பதில் 700-க்குப் பின்தான். ஆனால் தட்டையான அடிப்பகுதியும் ரிசீவரோடு சேர்ந்தே வந்த லக்கும் ஸ்டாக்கில் அசையாமல் உட்காரும், பெரிய உதைக்கு எனக்கு அது பிடித்திருக்கிறது.

மௌசர் 98 இவை இரண்டுக்கும் மூத்தது. போல்ட்டைப் பூட்டும் இரண்டு லக்குகளோடு மூன்றாவது பாதுகாப்பு லக், வாயு வெளியேறத் துளைகள், அகலமான எக்ஸ்ட்ராக்டர் என்று 1898-லேயே எல்லாம் யோசித்து வைத்துவிட்டார்கள். ஆனால் பழைய ராணுவ 98 ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று .375-க்கு ஆசைப்படாதீர்கள். அது 82 மி.மீ. நீளத் தோட்டாவுக்காகச் செய்தது. நீளமாக்க, தோட்டா சேம்பருக்கு ஏறும் முன்சரிவை அரத்தால் தேய்த்தால், கீழ் லக்குக்குப் பின்னால் தாங்கி நிற்கும் எஃகையே தேய்க்கிறீர்கள். மேக்னம் நீளத்தில் செய்த 98 கிடைத்தால் அதன் கதையே வேறு, அதைக் கட்டுவதில் ஒரு மனநிறைவு உண்டு, செலவும் நேரமும் அதற்கேற்பப் போகும்.

வெதர்பி மார்க் 5-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: போல்ட்டைப் பூட்ட ஒன்பது லக், திறக்க 54 டிகிரி திருப்பு, உறுதிக்குக் குறையில்லை. குறைந்த திருப்பில் சுடும் ஊசியின் அதே ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டியிருப்பதால் கைப்பிடி கனமாகத் தோன்றும், துணைப் பாகங்களும் குறைவு.

தொலைதூர இலக்குக்கு .300 கட்டுபவர் நேராக 700 அளவிலான நல்ல கஸ்டம் ஆக்‌ஷனுக்குப் போகலாம். பழைய 700-ஐ வாங்கி நேராக்கி, எக்ஸ்ட்ராக்டரை மாற்றி, கைப்பிடியை மறுபடி ஒட்டிக் கணக்குப் பார்த்தால் மிச்சம் அதிகம் இருக்காது. லாபுவாவுக்கு 700 அளவை நான் எடுக்கமாட்டேன், 14.9 மி.மீ. அடிக்குப் போல்ட் மூக்கைக் குடைந்தபின் சுற்றிலும் மெல்லிய விளிம்புதான் மிஞ்சுகிறது. தடித்த ரிசீவர் உள்ள பெரிய ஆக்‌ஷன் வேண்டும். ஆபத்தான மிருக வேட்டைக்கு .375 என்றால் என் பதில் பிடித்து ஏற்றும் மாடல் 70, அல்லது மேக்னம் நீள மௌசர்.

எதை எடுத்தாலும் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளப்பதும் குழல் பூட்டுவதும் தேர்ந்த கன்ஸ்மித்தின் வேலை. அப்புறம், மௌசர் எடுத்தவர்கள் தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டுப் போல்ட்டை அடைக்கப் பார்க்காதீர்கள், எக்ஸ்ட்ராக்டரை அதற்கென்று தேய்த்துக் கொடுத்திருந்தால் ஒழிய அது விளிம்பைத் தாண்டி எளிதில் ஏறாது. மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.